இருட்டு ரூமில் பச்சை எழுத்து

எங்கள் ஆலையில் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ளாதவர்களை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பும் வேலை என்னுடையது. அதை நான் நன்றாகவே செய்தேன். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. "ரூல் அப்படிங்க, நான் என்ன பண்ண முடியும்" என்று சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிய வேண்டும் என்பதுகூடப் பழகியிருந்தது. முகத்தில் பாதி மூடியிருந்ததால் அந்த வருத்தத்தைக் கண்களிலேயே காட்ட வேண்டியிருந்தது.

கோழிக்காய்ச்சல் மனிதர்களுக்குத் தாவி மூன்று வருடம் ஆகியிருந்தது. நாமக்கல்லைச் சுற்றிப் பாதிப் பண்ணைகள் வெறும் கொட்டகைகளாக நின்றன. எங்களுடையது முட்டையை உடைத்துக் காயவைத்துத் தூளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை. வாங்குகிறவர்கள் மூன்று நிபந்தனை போட்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் மூக்கில் மருந்து அடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் நேரமெல்லாம் முகக்கவசம் வேண்டும். ஒருவரை ஒருவர் தொடக்கூடாது.

இவற்றில் எதையாவது கடைப்பிடிக்க முடியாதவர்கள் விலக்கோ மாற்று வசதியோ கேட்கலாம் என்று சட்டம் இருந்தது. கேட்டவரிடம் கலந்து பேசி, அவருக்கு ஏற்றதை நிர்வாகம் செய்துதர வேண்டும். மனுக்களை வாங்கிப் பாரத்தில் எழுதி முடிவு செய்வதும் நான்தான். மருந்து முட்டையில் வளர்க்கப்படுகிறது, நான் சுத்த சைவம் என்று ஒருவர் எழுதிக்கொடுத்தார். முட்டை ஆலையில் எட்டு வருடமாக வேலை செய்கிறவர். "தொடறதுதான் சார். உள்ள எடுத்துக்கறதில்லைங்க" என்றார். கொதிகலன் பக்கம் திறந்தவெளியில் அவரை மாற்றினேன். அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவரும் பக்கத்து மேசையில்தான் இருந்தார்.

பிருந்தா அந்த வருடம் ஆடி மாதத்தில் என் அறைக்கு வந்தாள். அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன் இருட்டு ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முட்டைகள் உடைக்கப் போவதற்கு முன்னால் ஓர் இருண்ட அறை வழியாகப் போகும். பெல்ட்டுக்கு அடியில் விளக்கு எரியும். அந்த வெளிச்சம் ஒவ்வொரு முட்டையையும் ஊடுருவி அதைச் சின்னச் சிவப்பு விளக்காக்கிவிடும். உள்ளே ரத்தப் புள்ளி இருந்தாலோ, ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலோ தெரியும். பெல்ட்டின் இரு பக்கமும் ஆறாறு பேர் உட்கார்ந்து அவற்றைப் பொறுக்கி எடுப்பார்கள். கேமரா வைத்துப் பார்த்தோம். பழுப்பு முட்டைகளில் அது திணறியது. ஆட்களே மேல் என்று விட்டுவிட்டோம்.

அழுகிய முட்டை ஒன்று பெல்ட்டில் வெடித்தால் உடனே நிறுத்த வேண்டும். ஸ்விட்ச் கோடியில் இருப்பவர் கையில். இருட்டில் கை காட்டினால் தெரியாது. பெல்ட் இரைச்சலில் கூப்பிட்டாலும் கோடிவரை கேட்காது. அதனால் அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பார்த்தவர் பக்கத்தில் இருப்பவரின் தோளில் இரண்டு தட்டு தட்டுவார். அவர் அடுத்தவரைத் தட்டுவார். கண் இமைக்கும் நேரத்தில் அது கோடிவரை போய்விடும். எந்த மேலாளரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவர்களே கண்டுபிடித்தது.

பிருந்தாவுக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனது. பேசத் தெரியும். தன் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாததால் பேசமாட்டாள். உதட்டை மட்டும் அசைப்பாள், அல்லது எழுதிக் காட்டுவாள். பதினொரு வருடமாக இருட்டு ரூமில் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கண்ணுக்குக் கெட்ட முட்டை தப்பிப் போனதாக ஒரு நாளும் புகார் வந்ததில்லை. பக்கத்து இடம் ரேணுகாவுடையது. ஐம்பதை நெருங்கியவள். பிருந்தாவின் தோளைத் தட்டுவதும், பிருந்தா தட்டினால் வாங்கி அனுப்புவதும் அவள்தான்.

தொடக்கூடாது என்ற விதி வந்தபோது மற்றவர்கள் தட்டுவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி கத்தினார்கள். கத்தினால் பிருந்தாவுக்குக் கேட்காது. சங்கிலி அவளிடம் வந்து அறுந்தது. இரண்டு முறை பெல்ட் முழுக்க நாற்றமெடுத்த குழம்பு ஓடியது. அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் வந்தாள்.

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். இரு பக்கமும் எழுதியிருந்தாள். மறுநாள் வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். என் மேசையில் கோப்புகள் என் தலை உயரத்துக்கு நின்றன. மேலே இருந்த வரியை மட்டும் பார்த்தேன். 'எனக்குக் காது கேட்காது என்பது தங்களுக்குத் தெரியும்.' தெரியும்தான். தெரிந்ததை எதற்கு இரண்டு தாள் படிக்க வேண்டும்?

தாள்களைக் கோப்பில் வைத்துவிட்டுப் பாரத்தை எடுத்தேன். குறைபாடு என்ற இடத்தில் 'செவித்திறன்' என்று எழுதினேன். கோரும் வசதி என்ற இடத்தில் 'எழுத்துத்திரை முகக்கவசம், பிரிவில் உள்ள அனைவருக்கும்' என்று எழுதினேன். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் அதைப் புதிதாகச் செய்திருந்தது. பேசுவது கவசத்தின்மேல் எழுத்தாக ஓடும். எம்.டி. ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து அதையே பேசிக்கொண்டிருந்தார். மனுதாரருடன் கலந்து பேசப்பட்டதா என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தேன்.

அவள் பாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோப்புக்குள் போன தன் தாள்களைக் கையால் சுட்டினாள். நான் புரிந்துவிட்டது என்பதுபோலப் பலமாகத் தலையாட்டினேன். விரலை எடுக்கவில்லை.

கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் கவசங்கள் வந்தன. கன்னத்திலிருந்து கன்னம்வரை, பஸ் நெற்றியில் ஊர்ப்பெயர் ஓடுவதுபோலப் பச்சை எழுத்து ஓடும். இருட்டு ரூமுக்காக வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். படத்தில் பிருந்தாவுக்கு இந்தப் பக்கம் எம்.டி., அந்தப் பக்கம் நான்.

முதல் சில நாட்கள் வேடிக்கையாகப் போனது. கவசம் எல்லாவற்றையும் புத்தகத் தமிழாக்கிவிடும். "அட வாங்கக்கா, டீக்கு நேரமாச்சு" என்றால் 'வாருங்கள் அக்கா, தேநீருக்கு நேரமாகிவிட்டது' என்று ஓடும். "ரேணுகாக்கா கலெக்டர் மாதிரிப் பேசுது" என்று சிரித்தார்கள். "நான் எப்பவும் இப்படித்தான் கண்ணு பேசறது, உங்க காதுதான் சரியில்லை" என்றாளாம் ரேணுகா. சொன்ன பிறகுதான் பிருந்தாவின் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். பிருந்தாவும் சிரித்தாள் என்று சொன்னார்கள். அவள் உதட்டை அசைத்தாலே அவளுடைய கவசத்திலும் எழுத்து வந்தது. பதினொரு வருடத்தில் முதல்முறையாக எல்லோரும் அவள் 'பேசுவதை' படித்தார்கள்.

பிறகு ஒரு மேம்பாடு வந்தது. பேசுவது பேசுகிறபடியே இனித் தெரியும் என்றார்கள். அதோடு வேறொன்றும் வந்தது. அதை முதலில் கண்டவர்கள் நம்பவில்லை. யாரும் வாயைத் திறக்காதபோதும் எழுத்து ஓடியது.

கவசம் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளிடம் கேட்டேன்.

"இது குரலைக் கேக்கறதே இல்லைங்க சார்," என்றாள். "தாடையிலயும் தொண்டையிலயும் தசை எப்படி அசையுதுன்னு படிக்குது. நாம மனசுக்குள்ள பேசிக்கறப்ப நாக்கு லேசா அசையும். நமக்கே தெரியாது. அதையும் இப்பப் புடிச்சுடுது."

"அப்ப நெனைக்கறதெல்லாம் வந்துருமா?"

"எல்லாம் வராதுங்க. வார்த்தையா நெனைக்கறது மட்டும் வரும். கோவம் வந்தா, சலிப்பு வந்தா நாம வார்த்தையாத்தானே நெனைப்போம்?"

"கொஞ்சம் குறைச்சு வையுங்களேன்."

"குறைச்சா அந்த அக்கா சொல்றதும் வராது. அவங்களும் சத்தமில்லாமத்தானே பேசறாங்க? மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்."

அவள் போய்விட்டாள். கவசங்களைத் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு முறை தோன்றியது. இந்தக் கவசங்களுக்காக வாங்குகிறவர்கள் கொடுத்த சான்றிதழை வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எழுந்து அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரத்தில் ஒருவன் தன் அண்ணனைப் பற்றி நினைத்தது அண்ணனுடைய மைத்துனனுக்கு எதிரில் ஓடியது. ஒரு பெண் தான் சேர்ந்து சாப்பிடும் தோழியின் குழம்பைப் பற்றி நினைத்தது ஓடியது. இவையெல்லாம் சண்டையாகி இரண்டு நாளில் அடங்கின. அடங்காதது ஒன்றுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெல்ட் நின்று, அறை விளக்கைப் போட்டபோது பிருந்தா ரேணுகாவிடம் ஏதோ கேட்டிருக்கிறாள். ரேணுகா பழைய பழக்கத்தில் கைச் சைகையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கண் சிரித்தது, கையும் நல்லபடியாகத்தான் பேசியது. அதே நேரம் கன்னத்திலிருந்து கன்னம்வரை எழுத்து ஓடியது. 'இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தச் செவிட்டுக்குக் கை ஆட்டிட்டே உக்காந்திருக்கறது.'

ரேணுகாவைத் தவிர மற்ற பதினொரு பேரும் படித்தார்கள். தன் கவசத்தைத் தானே பார்க்க முடியாது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "என்ன வந்துச்சு? என்னடி வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. பிருந்தாதான் உதட்டை அசைத்தாளாம். 'ஒண்ணும் வரலைக்கா.'

அதிலிருந்து இருட்டு ரூமில் பேச்சு போய்விட்டது. முன்பெல்லாம் அந்தப் பக்கம் நடந்தால் பாட்டு, கேலி, விடுகதை என்று ஏதாவது காதில் விழும். இப்போது பெல்ட் சத்தம் மட்டும். எண்ணிக்கொண்டிருந்தால் நாக்குக்கு வேறு வேலை இருக்காது என்று ஒருவர் கண்டுபிடித்தார். பன்னிரண்டு முகங்களிலும் 'நாப்பத்தொண்ணு நாப்பத்திரெண்டு நாப்பத்திமூணு' என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அதைவிட நல்ல வழி ஒன்றைக் கண்டார்கள். நாக்குக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை. அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் நாக்கு தானாக அசையாது. வேண்டுமென்று பேசினால் மட்டும் எழுத்து வரும்.

நான் ஒரு நாள் மேற்பார்வைக்கு உள்ளே போனேன். விதிப்படி நானும் எழுத்துக் கவசம்தான் போட்டிருந்தேன். பிருந்தாவின் பின்னால் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் வழக்கம்போலக் கண்ணால் சிரித்தேன். அவளுடைய பார்வை என் கண்ணிலிருந்து கீழே இறங்கி, இடமிருந்து வலமாக நகர்ந்தது. படித்துவிட்டு, மேலதிகாரி ஏதோ உத்தரவு சொன்னதைப்போலத் தலையை ஆட்டினாள். திரும்பி முட்டைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

வெளியே வந்து, கோடியில் ஸ்விட்ச்சருகே இருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "'இவளே வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நின்னுட்டாத் தேவலை' ன்னு வந்துச்சுங்க சார்."

நான் அப்படி நினைத்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

ஐப்பசியில் இருட்டு ரூமிலிருந்து ஒரு மனு வந்தது. பிருந்தாவை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். பதினொரு கையெழுத்து. முதல் கையெழுத்து ரேணுகாவுடையது. அவளைத் தனியாக அழைத்தேன்.

"ஏனுங்க, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? அவளுக்கு இங்க உங்களைத் தவிர யார் இருக்கா?"

ரேணுகா மனுவையே பார்த்தாள். கவசத்தில் ஓர் எழுத்தும் வரவில்லை. கொட்டை வாயில் இருக்கிறது என்று புரிந்தது.

"அவ மேல குத்தம் ஒண்ணும் இல்லைங்க சார். அன்னைக்கு என்ன வந்துச்சுன்னு அப்புறம் சொன்னாங்க. அவ ஒரு வார்த்தை கேக்கலை. மறுநாள் எப்பவும் போல எனக்குத் தயிர்சாதம் கொண்டாந்து வெச்சா." கொட்டையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டாள். "மூஞ்சியைப் பாக்க முடியலைங்க. இருட்டுலயும் பாக்க முடியலை. ஒண்ணு அவ இருக்கோணும், இல்லைன்னா நான் இருக்கோணும். எனக்கு வேற பொழப்பு இல்லைங்க."

தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரிப்பதாக நாள் குறித்தார்கள். கோப்பைத் தயார் செய்யும்போது அந்த இரண்டு தாள்களும் கையில் வந்தன. மத்தியானம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன்.

'எனக்குக் காது கேட்காது என்பது தங்களுக்குத் தெரியும். இருட்டு ரூமில் எனக்கு ஒரு கயிறு கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும். என் மணிக்கட்டிலும் ரேணுகா அக்கா மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டால் தொடாமலே இழுத்துச் சொல்லிவிடலாம். வேறு எதுவும் வேண்டாம். எழுத்து வரும் மாஸ்க் பற்றி எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். தயவுசெய்து எனக்காக அதை வாங்க வேண்டாம்.'

மறு பக்கம் திருப்பினேன்.

'சார், எனக்கு உதடு படிக்கத் தெரியும். ஏழு வயதிலிருந்து படிக்கிறேன். பஸ்ஸிலும் கடையிலும் கல்யாண வீட்டிலும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு நடக்க முடியாதல்லவா. அதனால் எல்லாம் தெரிந்துவிடும். இருட்டு ரூமில் யார் உதடும் தெரியாது. எட்டு மணி நேரம் யார் என்ன சொன்னாலும் எனக்குத் தெரியாது. அங்கே எல்லோரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். அதற்காகத்தான் என்னைப் பேக்கிங்கில் போடுகிறோம் என்று சொன்னபோதும் நான் போகவில்லை. அந்த இடத்தை எனக்கு விட்டுவிடுங்கள்.'

கீழே கையெழுத்து. தேதி.

எம்.டி. அறைக்குத் தாள்களோடு போனேன். மோகனசுந்தரம் கெட்டவர் இல்லை. என் மகளின் பள்ளி சேர்க்கைக்கு அவரே போன் செய்து பேசியவர். இரண்டு பக்கமும் பொறுமையாகப் படித்தார். படித்து முடித்து நிமிர்ந்தார்.

"பிரசன்னா, இது தபால் வரவுப் பதிவேட்டுல ஏறியிருக்கா?"

"இல்லைங்க சார்."

"வேற யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"இல்லைங்க."

"பாரத்துல அவ கையெழுத்து இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

"கலந்து பேசலைன்னு ஆச்சுன்னா சான்றிதழ் போயிரும். சான்றிதழ் போனா வாங்கறவன் போயிருவான். நானூறு பேர்." தாள்களை மடித்து என் பக்கம் நகர்த்தினார். "நான் உங்களை எதுவும் சொல்லச் சொல்லலை. சொல்ல வேண்டாம்னும் சொல்லலை. நீங்களே யோசிச்சுக்குங்க."

நானூறு பேரை நினைத்துத்தான் தாள்களைச் சட்டைப் பைக்குள் வைத்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் கவசம் போட்டிருந்தேன். அப்போது அதில் என்ன ஓடியது என்று எம்.டி.க்குத்தான் தெரியும். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசாரணை நாள் காலை, கூட்ட அறைக்கு வெளியே ரேணுகா நின்றிருந்தாள். கையில் ஒரு சின்னத் துணி முடிச்சு. அதிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"போட்டுக்குங்க சார். எல்லாருக்கும் கொண்டாந்திருக்கேன். நல்லாக் கழுவுனதுதான்."

எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதிகாரியின் பெயர் ஷர்மிளா. முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோரையும் உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தார். பிருந்தா படிக்க வேண்டும் என்பதற்காக எல்லோரும் எழுத்துக் கவசம் போட்டிருந்தார்கள், அவரும்தான். அவருடைய கவசத்தில் மட்டும் அவ்வப்போது தேவையில்லாத எழுத்துகள் ஓடின. 'இந்த ரூம்ல ஃபேன் கூட இல்லை' என்று ஒரு முறை வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கொட்டை வைத்திருந்த பதினொரு பேரும் நானும் எம்.டி.யும் வெறும் கறுப்பு முகங்களோடு உட்கார்ந்திருந்தோம்.

ரேணுகாவை விசாரித்தார். மற்ற இருவரை விசாரித்தார். "எங்களுக்கு மனசுக்குள்ள பேசிக்க முடியலைங்க மேடம். மனசுக்குள்ள பேசிக்காம மனுசன் எப்படிங்க இருக்கறது?" என்று ஒருவர் கேட்டார். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கவசம் வேணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவங்களோட கலந்து பேசினீங்களா?"

பிருந்தா எனக்கு நேர் எதிரில் இருந்தாள். என் கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. நான் நாக்கைக் கொட்டையின்மேல் அழுத்திக்கொண்டேன். சட்டைப் பையில் இருந்த தாள் மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் உரசியது.

"பேசினேங்க," என்றேன்.

என் கவசத்தில் ஓடிய அந்த ஒற்றை வார்த்தையை எல்லோரும் பார்த்தார்கள். வேறு எதுவும் பின்னால் வரவில்லை. உள்ளே இருப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும், என்னைச் சொல்லவைத்துவிடும் என்று கடைசி நொடிவரை ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கொட்டை நன்றாக வேலை செய்தது.

அதிகாரி பிருந்தாவைப் பார்த்தார். "சார் உங்களைக் கேட்டுத்தான் செஞ்சாங்களா?"

பிருந்தாவிடம் கொட்டை கிடையாது. அவளுக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் வெகுநேரம் எழுத்து ஒன்றும் வரவில்லை. வார்த்தையே இல்லாமல் இருக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. ரேணுகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிருந்தா ரேணுகாவைப் பார்த்தாள், பிறகு என்னை. அப்புறம் உதடு அசைந்தது.

'கையெழுத்து என்னுதுதாங்க.'

அதிகாரி அதைச் சம்மதமாக எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு யாருக்கும் பாதகமாக இல்லை. பிருந்தாவின் வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. பின்பக்கக் கிடங்கில் அட்டைத் தட்டுகளைப் பிரித்து அடுக்கும் பணி. அவளுடன் பேச நேரும்போது மட்டும் மற்றவர்கள் எழுத்துக் கவசம் அணிந்தால் போதும். இதற்கும் ஒரு பாரம் இருந்தது. 'மாற்றுப் பணியிட வசதி.' கலந்து பேசப்பட்டதா என்ற கட்டம் அதிலும் இருந்தது. டிக் போட்டேன்.

மறுநாளே இருட்டு ரூமுக்குச் சாதாரணக் கவசம் வந்துவிட்டது. இரண்டாம் நாள் அந்தப் பக்கம் நடந்தபோது உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். ரேணுகாவின் குரல் இல்லை. ஆனால் மற்றவர்கள் சேர்ந்து பாடினார்கள்.

ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் மத்தியானம் எழுத்துக் கவசத்தை மாட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். கொட்டை போட்டுக்கொள்ளவில்லை.

கிடங்கு நீளமாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. ஒரே ஒரு விளக்கு, அதுவும் கோடியில். தட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. பழைய கோழி இறகு வாசனை. பிருந்தா கட்டு ஒன்றை அவிழ்த்துத் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். எழுந்து நின்றாள். நான் சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்துக் காட்டினேன்.

"பிருந்தா, உங்க பேப்பரை நான் அன்னைக்குப் படிக்கலை."

அவள் கண்கள் இடமிருந்து வலமாக அந்த வரியைப் படித்தன. கடைசி வார்த்தைவரை படித்தன. பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். காத்திருந்தேன். அவள் திறக்கவில்லை. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, நேராக நின்று, கண்ணை மூடியபடியே இருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்றாள்.

நான் பேசினேன். பாரத்தில் நானே எழுதியதைச் சொன்னேன். விரலை எடுக்காமல் வைத்திருந்ததைச் சொன்னேன். விசாரணைக்கு முன்பே படித்துவிட்டதையும், பையில் தாளை வைத்துக்கொண்டே பொய் சொன்னதையும், இருட்டு ரூமில் அன்று என் முகத்தில் ஓடிய வரியையும் சொன்னேன். அந்தக் கூட்ட அறையில் சொல்லியிருந்தால் பதினாலு பேர் படித்திருப்பார்கள். இங்கே எழுத்து என் கன்னத்திலிருந்து கன்னம்வரை ஓடித் தட்டுகளின்மேல் லேசான பச்சை நிறமாகப் படிந்து மறைந்துகொண்டிருந்தது. எனக்கே அதைப் படிக்க முடியாது. நடுவில் குரல் உடைந்தது. அதற்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றியதும் குரலைச் சரிசெய்துகொண்டேன்.

சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் நின்றேன். மனசுக்குள் ஏதாவது ஓடியிருக்கும், அதுவும் எழுத்தாக வந்திருக்கும். அதுவும் அடங்கியது. கிடங்கில் பச்சை வெளிச்சம் முழுக்க அணைந்தது.

மூடிய இமை வழியாகவும் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் கண்ணைத் திறந்தாள். உதட்டை அசைத்தாள்.

'முடிஞ்சுதுங்களா சார்?'

"முடிஞ்சுதுங்க," என்றேன்.

அதைப் படித்தாள். தலையை ஆட்டினாள். உட்கார்ந்து, பாதியில் விட்ட கட்டிலிருந்து அடுத்த தட்டைப் பிரிக்கத் தொடங்கினாள்.